தும்பிக்கை எங்கே அக்கா?

ஒரு வெள்ளைத்தாளையும் பென்சிலையும் கையில் கொடுத்து, "ஏதாவது வரைடா"னு எந்த ஊர்ப் பையனிடம் வேண்டுமானாலும் சொல்லிப் பாருங்கள். ரெண்டு முக்கோண மலை. நடுவில் பாதி சூரியன். மலையிலிருந்து நெளிந்து வரும் ஒரு ஆறு. ஓரமாக ஒரு குடிசை, ஒரு தென்னைமரம். வானத்தில் டிக் மார்க் மாதிரி நாலைந்து காக்கா. முடிஞ்சது சீனரி!

கன்னியாகுமரியிலும் இதேதான். கும்மிடிப்பூண்டியிலும் இதேதான். எங்க ஓசூரில் இது இன்னும் தமாஷ். இங்கே ஆறு என்றால் தென்பெண்ணை. கெலவரப்பள்ளி அணைப் பக்கம் போனால் பல நாள் அது வெள்ளை வெளேரென்று நுரை தள்ளிக்கொண்டு கிடக்கும். குடிசை இருந்த இடத்தில் சிப்காட் காம்பவுண்டு சுவர். ஆனால் பசங்க நோட்டில் மட்டும் ஆறு நீலமாக, சுத்தமாக ஓடிக்கொண்டே இருக்கும். ஏன்னா அவங்க ஆற்றைப் பார்த்து வரையவில்லை. இன்னொரு சீனரியைப் பார்த்து வரைகிறார்கள்.

சிரிக்காதீங்க. காலேஜ் ஜனங்க நாம மட்டும் என்ன ஒழுங்கு? எந்த விலங்கியல் லேபுக்குள் வேண்டுமானாலும் எட்டிப் பாருங்கள். கண்ணாடி ஜாடியில் மிதக்கிற ஜந்து டேபிள் மேலேயே இருக்கும். ரெக்கார்டு நோட்டுக்குள் படம் மட்டும் சீனியர் ரெக்கார்டிலிருந்து இறங்கும். அந்த சீனியர், தன் சீனியரிடமிருந்து இறக்கியிருப்பார். இப்படியே பின்னால் போய்க்கொண்டே இருந்தால், அந்த ஜந்துவை நிஜமாகவே பார்த்து வரைந்த முதல் ஆள் யார் என்று கண்டுபிடிக்க தொல்லியல் துறையைத்தான் கூப்பிடணும்!

இந்தப் பழக்கத்தை உடைக்க ஒருத்தர் கிளம்பினார். எங்க தெருவில் குடியிருக்கிற ஓவிய டீச்சர். பக்கத்தில் ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில் பகுதிநேர வேலை. 2023 டிசம்பரில் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். "அரையாண்டு லீவுல பன்னிரண்டு பசங்கள மெட்ராஸ் மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போறேன் பாப்பா. அங்கயே உட்கார்ந்து வரையப் போறாங்க. எலும்பு, பல்லுன்னு ஏதாவது கேட்டா எனக்குத் தெரியாது. நீதான் ஜுவாலஜி ஆச்சே, கூட வா" என்றார். ஓசியில் சென்னை டூர். விடுவேனா?

அந்தப் பன்னிரண்டு பேரைப் பற்றிச் சொல்லணும். எல்லாம் ஏழாவது, எட்டாவது. எங்க ஊர் கர்நாடக எல்லையில் இருக்கிற ஊர். அத்திப்பள்ளி தாண்டினால் போர்டெல்லாம் கன்னடம். இந்தப் பசங்களில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் நாலே பேர். மற்றவர்கள் வீட்டில் தெலுங்கு, கன்னடம், உருது. ஒரு பையன் வீட்டில் ஒடியா. அவன் அப்பா ஃபவுண்டரியில் வேலை பார்க்கிறார். அவன் தமிழ்நாட்டுக்கு வந்தே ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. வகுப்பில் கடைசி பெஞ்ச். யாரிடமும் பேசமாட்டான்.

ராத்திரி பஸ். விடியக்காலையில் கோயம்பேடு. இட்லி சாப்பிட்டுவிட்டு எழும்பூர்.

எழும்பூர் அருங்காட்சியகம் 1851-ல் தொடங்கியது. முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபோர் என்ற ராணுவ மருத்துவர். மனுஷன் பலே கெட்டிக்காரர். கல்லும் தாதுவும் மட்டும் வைத்தால் கூட்டம் வராது என்று தெரிந்து, உயிருள்ள விலங்குகளையும் கொண்டுவந்து வைத்தார். ஜனம் குவிந்தது. 1855-ல் மியூசியம் வளாகத்திலேயே ஒரு மிருகக்காட்சி சாலை உருவானது. அதன் தொடர்ச்சிதான் இன்றைய வண்டலூர். இன்னொரு சங்கதி. 1865-ல் பெங்களூரில் அரசு அருங்காட்சியகம் தொடங்கியபோது வழிகாட்டியவரும் இதே பால்ஃபோர்தான். ஆக, ஓசூர்க்காரங்களுக்கு ரெண்டு பக்கமும் அவர் கடைவிரித்திருக்கிறார். இடையில் இருக்கிற நாமதான் ரெண்டு பக்கமும் எட்டிப் பார்ப்பதில்லை!

உள்ளே போனதும் டீச்சர் மூன்று சட்டம் போட்டார். ஒன்று, முதல் பத்து நிமிஷம் பென்சிலைத் தொடக்கூடாது, பார்க்க மட்டும்தான் செய்யணும். ரெண்டு, ரப்பர் கிடையாது. தப்பா வந்தால் பக்கத்திலேயே இன்னொன்று போடு. மூன்று, படத்துக்குக் கீழே ஒரு கேள்வி எழுதணும். எந்த மொழியில் வேண்டுமானாலும்.

முதலில் திமிங்கிலம். 1874-ல் மங்களூர்க் கடற்கரையில் ஒதுங்கியதன் எலும்புக்கூடு. கிட்டத்தட்ட 60 அடி. பசங்க வாயைப் பிளந்துகொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தார்கள். "எங்க ஸ்கூல் பஸ்ஸவிடப் பெருசு" என்றான் ஒருத்தன். "நமக்கு ஏதுடா ஸ்கூல் பஸ்?" என்றான் இன்னொருத்தன். அது ரோட்டில் பார்த்த பஸ்ஸாம்!

பத்து நிமிஷ சட்டத்தின் மகிமை அங்கேதான் புரிந்தது. முதல் ரெண்டு நிமிஷம் சிரிப்பு, கிண்டல். மூணாவது நிமிஷம் போர். அஞ்சாவது நிமிஷத்துக்கு மேல் ஒவ்வொருத்தராக அமைதியானார்கள். ஒரு பெண் மெதுவாக வந்து, "அக்கா, அதோட துடுப்புக்குள்ள விரல் இருக்கு" என்றாள். இருந்தது! திமிங்கிலத்தின் துடுப்புக்குள் தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் எலும்புகள் எல்லாம் வரிசையாக இருக்கும். திமிங்கிலத்தின் மூதாதையர்கள் நிலத்தில் நாலு காலில் நடந்தவர்கள் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி. புத்தகத்தில் இதை ஐந்து மார்க்குக்குப் படிப்போம். அவள் மார்க்குக்காகப் பார்க்கவில்லை. வரையப் போகிறோமே என்று பார்த்தாள், கண்ணில் பட்டது.

அடுத்தது யானை எலும்புக்கூடு. பத்தடிக்கு மேல் உயரம். அதன் முன்னால் நின்று ஒரு பொடியன் கேட்டான் பாருங்கள் ஒரு கேள்வி:

"தும்பிக்கை எங்கே அக்கா? யாராச்சும் எடுத்துட்டாங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் எத்தனை பேர் அதை யோசித்திருப்போம்? தும்பிக்கையில் எலும்பே கிடையாது. முழுக்கத் தசை. மரத்தையும் முறிக்கும், தரையில் கிடக்கிற கடலையையும் எடுக்கும். யானை செத்தால் எலும்பு நிற்கும், தும்பிக்கை போய்விடும். மண்டையோட்டின் நடுவில் பெரிய ஓட்டை ஒன்றுதான் மிஞ்சும். அது மூக்குத் துவாரம். கிரேக்கக் கதைகளில் வருகிற ஒற்றைக்கண் அரக்கன், குள்ள யானைகளின் மண்டையோட்டை யாரோ பார்த்துப் பயந்ததில் பிறந்திருக்கலாம் என்று ஓதெனியோ ஏபெல் என்ற ஆஸ்திரிய ஆய்வாளர் 1914-ல் ஒரு யூகம் சொன்னார். இதை நான் சொன்னதும் ரெண்டு பேர் படத்தில் அந்த ஓட்டைக்குள் கண்ணும் இமையும் முளைத்துவிட்டன. டீச்சர் தடுக்கவில்லை. "அதுவும் பார்த்ததாலதானே வந்துச்சு?" என்றார்.

அப்புறம் கால். நாம் யானை வரைந்தால் பின்னங்காலை மாட்டுக்கால் மாதிரி பின்பக்கம் மடக்கிவிடுவோம். எலும்புக்கூட்டைப் பார்த்தால் யானையின் பின்னங்கால் முட்டி நம்ம முட்டி மாதிரியே முன்னால் இருக்கிறது. மாட்டின் காலில் பின்னால் மடங்குவது முட்டியே இல்லை, அது கணுக்கால். பசங்க ஒவ்வொருத்தரும் தங்கள் முட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். பார்வையாளர்கள் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள்!

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் மட்டும் யானையின் பாதத்தையே வரைந்துகொண்டிருந்தாள். ஒரே பாதம். ஒரு மணி நேரம். அவள் ஊர் தேன்கனிக்கோட்டைப் பக்கம். திடீரென்று, "அக்கா, இது குதிகாலத் தூக்கிக்கிட்டு நிக்குது" என்றாள்.

உண்மைதான். யானை எலும்பளவில் விரல் நுனியில்தான் நிற்கிறது, ஹை-ஹீல்ஸ் போட்ட மாதிரி. தூக்கி நிற்கிற குதிகாலுக்குக் கீழே கொழுப்பும் நாரும் கலந்த ஒரு மெத்தை இருக்கும். எலும்புக்கூட்டில் அது இல்லாததால் அந்த இடம் காலியாகத் தெரிகிறது. அந்த மெத்தைதான் அத்தனை எடையையும் வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் நடக்க வைக்கிறது என்று சொன்னேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அதான் ராத்திரி வந்தா சத்தமே கேக்கறதில்ல" என்றாள்.

எனக்குச் சட்டென்று உறைத்தது. அவளுக்கு யானை என்பது மியூசியப் பொருள் இல்லை, கோயில் வாசலில் ஆசீர்வாதம் பண்ணுகிற யானையும் இல்லை. ராகி அறுவடை சமயத்தில் பன்னார்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி வழியாக எங்கள் மாவட்டத்துக்குள் யானைக் கூட்டம் இறங்கும். தேன்கனிக்கோட்டை, சானமாவு, ஊடேதுர்கம் என்று காடு விட்டுக் காடு போகும். அதுங்க காலங்காலமாகப் போன பாதையில் இப்போது வயல், ரோடு, ஃபேக்டரி, லேஅவுட். 2014-ல் காவிரி வடக்கு வன உயிரின சரணாலயமும், 2022-ல் காவிரி தெற்கு சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. ஆனால் யானைக்கு சரணாலயத்தின் எல்லை தெரியுமா, மாநில எல்லைதான் தெரியுமா? அந்தப் பெண்ணின் அப்பா பரண் மேல் உட்கார்ந்து ராத்திரி முழுக்க ராகிக்குக் காவல் காக்கிறவர். அவள் அன்று வரைந்தது தன் வீட்டுப் பிரச்னையின் பாதத்தை.

"செல்போன்ல ஒரு போட்டோ எடுத்தா முடிஞ்சது, எதுக்கு உட்கார்ந்து வரையணும்?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் டீச்சரிடம் கேட்டேன். "போட்டோ எடுத்தவுடனே நீ அந்த இடத்த விட்டு நகர்ந்துடுவ. வரையறவ நகர முடியாது" என்றார். அவ்வளவுதான். ஒரு எலும்பு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று தெரியாமல் கோடு இழுக்க முடியாது. தெரியாத இடத்தில் பென்சில் தானாக நிற்கும். நின்ற இடத்தில் கேள்வி பிறக்கும்.

இன்னொரு அதிசயமும் நடந்தது. அந்த ஒடியாப் பையன். மியூசியத்தின் தமிழ் லேபிளை அவனால் எழுத்துக்கூட்டித்தான் படிக்க முடியும். ஆனால் பறவைகள் பகுதியில் ஒரு ஆந்தையை இறகு இறகாக வரைந்து வைத்திருந்தான் பாருங்கள்... மற்ற பதினொரு பேரும் சுற்றி நின்றுவிட்டார்கள். "டேய், எப்படிடா போட்ட?" அவன் ஒடியாவில் ஏதோ சொல்ல, ஒருத்தன் உருது கலந்த இந்தியில் அதைப் பிடித்து, இன்னொருத்தன் தெலுங்கில் மாற்ற, கடைசியில் தமிழில் எனக்கு வந்து சேர்ந்தது: "மொதல்ல கண்ணப் போடணுமாம். அப்பதான் அது நம்மளப் பாத்துக்கிட்டே இருக்குமாம்." ஒரு வருஷமாக வாயே திறக்காத பையன், அன்று ஓசூர் போய்ச் சேரும் வரை மூடவே இல்லை!

உயிரினங்களைப் பார்த்துப் பார்த்து வரைகிற வேலை நம்ம மண்ணுக்குப் புதுசும் இல்லை. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி விலங்கு, பறவை, செடி ஓவியங்களைத் தன் ஓவியர்களை வைத்து வரையச் செய்தவர். 19-ஆம் நூற்றாண்டில் ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளர் தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றி வெளியிட்ட பெரும் தொகுப்பில் 2,000-க்கும் மேற்பட்ட படங்கள் உண்டு. அதற்காக உட்கார்ந்து வரைந்தவர்களில் முக்கியமானவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற ரெண்டு இந்திய ஓவியர்கள். கோவிந்துவைக் கௌரவிக்க ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கு 'கோவிந்தூயா' என்றே பெயர் வைத்தார் வைட். பிற்பாடு வகைப்பாடு மாறி அந்தப் பெயர் புழக்கத்திலிருந்து போய்விட்டது. ஆனாலும் ஒரு ஓவியனின் பெயர் செடிக்கு வைக்கப்பட்டது என்பது சாதாரண விஷயமா? அதற்கும் ரொம்ப முன்னால் போகணுமா? எங்கள் மாவட்டத்திலேயே பர்கூர் பக்கம் மல்லப்பாடியில் பாறை மேல் வெள்ளை நிறத்தில் குதிரை வீரர்களை வரைந்து வைத்திருக்கிறார்கள். அந்த ஆளுக்கும் குதிரையை உற்றுப் பார்க்காமல் கோடு வந்திருக்காது.

ஊர் திரும்பிய பிறகுதான் நிஜமான கலாட்டா. படங்களை வைத்துக்கொண்டு ஏதாவது செய்யணும் என்று பசங்க துடித்தார்கள். 2024 பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினத்துக்கு பள்ளியில் கண்காட்சி. களிமண், சார்ட் எல்லாம் வாங்கக் காசு இல்லை. ஆனால் ஓசூரில் காசு இல்லாமல் கிடைப்பது ஒன்று உண்டு: ஸ்க்ராப்! ஆளுக்கொரு மூலையிலிருந்து அள்ளிக்கொண்டு வந்தார்கள். அட்டைப்பெட்டி, பேக்கிங் தெர்மாகோல், ஃபோம் ஷீட், கம்பித் துண்டு, தேய்ந்துபோன பேரிங். திமிங்கிலத்தின் முதுகெலும்புக்கு வரிசையாக பேரிங் கோத்தான் ஒருத்தன். அது வளைந்தது! நிஜ முதுகெலும்பும் அப்படித்தானே? எழும்பூரில் உடும்பு வரைந்த பையன் அட்டையில் உடும்பு செய்து, கூடவே ஒரு குறிப்பு ஒட்டினான். ஓசூர் மலைக்கோயில் சந்திரசூடேஸ்வரர் தலபுராணத்தில் சிவன் உடும்பு உருவில் வந்ததாகச் சொல்வார்கள். "எங்க ஊர் சாமி" என்று எழுதி, கீழே அவன் கேள்வி: "மலையில இப்ப உடும்பு இருக்கா?" பதில் தெரிந்தவர் அந்த அறையில் யாரும் இல்லை.

தேன்கனிக்கோட்டைப் பெண் செய்தது யானையின் ஒற்றைக் கால். அட்டையில் எலும்பு, விரல் நுனியில் நிற்கிற மாதிரி. குதிகாலுக்குக் கீழே மஞ்சள் ஃபோமில் மெத்தை. கையால் அழுத்தினால் அமுங்கும்.

கண்காட்சிக்கு அவள் அப்பா வந்திருந்தார். கண்ணெல்லாம் சிவந்து, தூக்கம் இல்லாத முகம். அந்தக் காலையே சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து மெத்தையை அழுத்திப் பார்த்தார். நான் ஆர்வக்கோளாறில், "உங்க பொண்ணு ரொம்ப அழகா செஞ்சிருக்கா இல்லண்ணா?" என்றேன்.

"கால் கரெக்டாத்தான் இருக்குமா. அழகுன்னு என்னச் சொல்லச் சொல்லாத. போன மாசம் ராகி போனது எனக்குத்தான்" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே மகளைக் கூப்பிட்டார். "ஒண்ணு விட்டுட்ட பாரு. அது நடக்கும்போது முன்னங்கால் வச்ச தடத்துலயே பின்னங்காலும் வந்து விழும். பெரும்பாலும் அப்படித்தான். காலைல தடம் பாத்தா எத்தன யானை வந்துச்சுன்னு எண்ணறதே கஷ்டம். அதையும் போடு."

எந்த லேபிளிலும் நான் படிக்காத பாடம் அது. ராத்திரி ராத்திரியாகக் கண்விழித்து அவர் படித்தது. மகள் உடனே நோட்டை எடுத்து தடத்தை வரைய ஆரம்பித்தாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் உள்ள" என்று விரலால் காட்டினார். படத்துக்குக் கீழே அவள் எழுதிய கேள்வியை நான் பார்த்தேன்: "இது எங்க வழியா, அதோட வழியா?"

அந்தப் படத்தால் யானை வராமல் நிற்கப் போவதில்லை, போன ராகி திரும்பவும் வராது. எனக்குத் தெரியும். ஆனால் நாளைக்கு அந்த வழியில் எங்கே வேலி போடணும், எங்கே விடணும் என்று யாராவது பேச உட்காரும்போது, யானையின் காலையும் தெரிந்த, ராகி போன வலியையும் தெரிந்த ஒரு பெண் எங்க ஊரில் இருப்பாள். ஓசூரில் லேத் ஓட்டத் தெரிந்தவர்கள் ஏராளம். இந்த மாதிரி ஆள் எத்தனை பேர்?

சரி, நம்ம கதைக்கு வருவோம். உங்க ஊரில் மியூசியம் இல்லையா? கிருஷ்ணகிரியிலேயே 1993-லிருந்து அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. நடுகற்கள் எல்லாம் அங்கே உண்டு. நம்ம பக்கத்து நடுகற்களில் புலியோடு மல்லுக்கட்டுகிற வீரர்கள் அடிக்கடி வருவார்கள். அந்தக் காலத்துச் சிற்பி புலியை எப்படிப் பார்த்தான் என்று வரைந்து பாருங்கள். கோவைக்காரர்களுக்கு 1902-ல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம் உண்டு. மைசூர் டூர் போகிற பஸ்ஸெல்லாம் அரண்மனை, ஜூ, சாமுண்டி மலை என்று பறக்கும். காரஞ்சி ஏரிப் பக்கம் 1995-லிருந்து இயற்கை வரலாற்றுக்கென்றே ஒரு மண்டல அருங்காட்சியகம் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அதன் தாய் அமைப்பு, டெல்லியில் 1978-ல் திறந்த தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். குழந்தைகள் பொருட்களைத் தொட்டுப் பார்க்கவும், மாடல் செய்யவும் அங்கே தனி அறையே இருந்தது. 2016 ஏப்ரல் 26-ல் தீப்பிடித்து அத்தனையும் போனது. ஆக, "அது எங்கே போயிடப் போகுது, அப்புறம் பார்த்துக்கலாம்" என்பதெல்லாம் வேலைக்கு ஆகாது.

காலேஜ் ஜனங்களிடம் கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்க பக்கத்து அரசுப் பள்ளியில் எங்க டீச்சர் மாதிரி ஒருத்தர் நிச்சயம் இருப்பார். எலும்பு தெரிந்த ஒரு ஆள், பஸ்ஸில் தலை எண்ண ஒரு ஆள், இவ்வளவுதான் அவருக்கு வேணும். என்.எஸ்.எஸ். கேம்ப்பில் சுவருக்கு வெள்ளை அடிக்கிற நேரத்தில் ஒரு நாள் இதற்குக் கொடுங்கள். ஆளுக்கு ஒரு நோட்டு, ஒரு பென்சில். ரப்பர் வேண்டாம்.

ஆங்... ஒன்று மறந்துட்டேன். எழும்பூருக்கு வெள்ளிக்கிழமை மட்டும் போயிடாதீங்க. திமிங்கிலத்துக்கு அன்னிக்கு லீவு!